சொதி வாளியும் திறப்புவிழா அண்ணையும்

தொழில் தொடங்கப் பணம் வேண்டும், படிப்பு வேண்டும் என்று சொல்பவர்கள் திறப்புவிழா அண்ணையைச் சந்தித்ததில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு குத்துவிளக்கும் ஒரு சிவப்பு நாடாவும் மட்டும்தான். ஸ்காபரோவில் அவரைப் போல இத்தனை தொழிலைத் திறந்தவரும் இல்லை, இத்தனை தொழிலை மூடியவரும் இல்லை.

அந்த நாடாவை அவர் ஒருநாளும் வெட்டியதில்லை. முடிச்சை அவிழ்ப்பார், சுருட்டுவார், சட்டைப் பைக்குள் வைப்பார். "வெட்டினா அடுத்ததுக்கு என்ன செய்யிறது?" என்பார். தொடங்கும்போதே அடுத்ததை நினைக்கிற மனிதர்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கப் பயம். கேட்டால் விசிற்றிங் காட் தருவார். அதை வாங்கினால் அந்தத் தொழிலில் நீங்களும் ஒரு ஆள்.

ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வீட்டு வரிசையில் அவருடைய வான் திரும்பும் சத்தம் கேட்டால் ரீவி நிற்கும். திரைச்சீலைகள் மூடும். சின்னப்பிள்ளைகள் கூடத் தாங்களாகவே வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குக் கதவைத் திறக்கவும் பயம், வீட்டுக்குள் இருந்துகொண்டு திறக்காமல் விடவும் பயம். இரண்டாவது பயம் கொஞ்சம் கூட. அதனால் எப்போதும் நான்தான் திறந்தேன்.

எனக்குத் தெரிந்து அவருடைய முதலாவது தொழில் கறிவேப்பிலை விடுதி. இங்கே குளிர் தொடங்கியதும் சனம் கறிவேப்பிலைக் கன்றை வீட்டுக்குள் தூக்கி வைத்துக் குழந்தையைப் போலப் பார்ப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மருந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். கறிவேப்பிலையில் ஒரு இலை மஞ்சளானால் வேலைக்கு லீவு. இதைக் கவனித்த அண்ணை தன் பேஸ்மன்றில் ஹீற்றர்களைப் பூட்டி, குளிர்காலம் முழுவதும் கன்றுகளைத் தங்கவைத்துப் பார்ப்பதாக அறிவித்தார். கன்றுகள் வரிசையாக வந்து இறங்கின. எனக்குத் தந்த வேலை தண்ணீர் தெளிப்பதும் கதைப்பதும்.

"கன்றுக்குத் தனிமை கூடாது தங்கச்சி. கதையும்."

"என்ன கதைக்கிறது அண்ணை?"

"வெளியில எத்தினை டிகிரி எண்டு மட்டும் சொல்லாதையும். மிச்சம் எல்லாம் சொல்லலாம்."

மனிதரோடு கதைக்கவே கூச்சப்படுகிற நான் அந்தக் குளிர்காலம் முழுக்கக் கறிவேப்பிலையோடு கதைத்தேன். அவை கேட்டுக்கொண்டே இலையைக் கொட்டின. நான் தெளித்த தண்ணீரில் சாடிகளில் எழுதியிருந்த பெயர்களும் அழிந்துபோயின. கோடையில் சொந்தக்காரர் வந்தபோது ஒரே ஒரு கன்று மட்டும் பச்சையாக நின்றது. வந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் தங்கள் கன்று.

"உது என்ர. உந்த வளைவைப் பாரும், என்ர மூத்தவன் பந்தடிச்சு வளைச்சது."

"உம்மட மூத்தவன் பிறக்க முந்தியே உது என்ர வீட்டில வளைஞ்சு நிண்டது."

நான் ஹீற்றருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அண்ணை நிதானமாகக் கத்தரிக்கோலை எடுத்து, அந்தக் கன்றை அடியோடு வெட்டி, ஆளுக்கு ஒரு கறிக்குக் காணுமளவு இணுங்கிக் கொடுத்தனுப்பினார். கறிவேப்பிலை விடுதி அத்தோடு மூடியது.

பிறகு பனி வழிக்கும் தொழில். மெஷின் வாங்கினார், நாடா கட்டினார், அவிழ்த்தார். அந்த வருடம் வெகுநாள் பனி வரவில்லை. மெஷினை விற்றார். விற்ற மறுகிழமை முழங்கால் அளவுக்குக் கொட்டியது.

பிறகு பல்லக்கு. சாமத்திய வீடுகளில், அதாவது பூப்புனித விழாக்களில், பெண்பிள்ளையை மண்டபத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதில் இங்கே பெரிய போட்டி. ஒரு வீட்டில் குதிரை வண்டி என்றால் அடுத்த வீட்டில் படகு. அண்ணை பலகையால் ஒரு பல்லக்குச் செய்து, வெள்ளித்தாள் ஒட்டி, நான்கு மூலையிலும் மயில் வைத்தார். ஒரு மயிலுக்குக் கண் வரைந்தது நான். கைநடுக்கத்தில் வரைந்ததால் அந்த மயிலும் பயந்துபோய்த்தான் பார்த்தது.

ஒரு சனிக்கிழமை பல்லக்கை வானின் மேலே கட்டிக்கொண்டு ஹைவேயில் போனார். பாதி வழியில் பல்லக்குப் பறந்துவிட்டது.

"சும்மா சொல்லக்கூடாது தங்கச்சி, வடிவாப் பறந்தது," என்று எங்கள் வாசலில் நின்று சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பல்லக்கில் வரவேண்டிய பிள்ளை சப்பாத்தோடு நடந்தே மண்டபத்துக்குள் போனாளாம். அவளுக்குத்தான் பெரிய சந்தோசமாம். அதற்கும் சிரித்தோம். அதற்குப் பிறகு அண்ணை தூர இடத்து வேலைகளை எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த தொழிலைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

எங்கள் வீட்டில் கார் ஓடுபவர் என் கணவர். நான் பக்கத்துச் சீற்றில் இருந்து பயப்படுபவள். இருவரும் எங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துவந்தோம். ஒரு காலை தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவருக்கு வலிப்பு வந்தது. கோப்பை உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. டொக்டர் மருந்து தந்தார், கூடவே இனிக் கார் ஓடக்கூடாது என்றும் சொன்னார். வேலையும் போயிற்று. கார் வாசலில் நின்றபடியே நின்றது.

அந்த நேரம் பார்த்து, நான் வேலை செய்த பாண் பக்ரறியை, அந்த ரொட்டி சுடும் இடத்தை, தூரத்து ஒஷாவாவுக்கு மாற்றுகிறோம் என்றார்கள். வரக்கூடியவர்கள் வரலாம். ஷிப்ட் விடியற்காலையில். அந்த நேரத்துக்கு அங்கே போய்ச்சேர பஸ் இல்லை. பிந்தி வருபவர்கள் வீட்டிலேயே நிற்கலாம். அப்போது வீட்டில் வந்துகொண்டிருந்த ஒரே சம்பளம் என்னுடையது.

நான் கார் ஓடவேண்டும். எழுத்துச் சோதனையைப் பயந்து பயந்து எழுதிப் பாஸ் பண்ணினேன். அது பேப்பர். பேப்பர் ஆளை இடிக்காது.

அடுத்த நாள் வான் சத்தத்துக்குப் பதிலாக ஒரு கார் சத்தம். கதவைத் திறந்தேன். கூரையில் பலகை வைத்த கார். பலகையின் ஒரு பக்கத்தில் 'சாரதிப் பயிற்சி'. மறுபக்கத்தில் 'சுடச்சுட இடியப்பம்'.

"உம்மட மனுசன்ர விசயம் கேள்விப்பட்டன்," என்றார் அண்ணை. முதன்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது. உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. "ஏறும். முதல் ஆள் நீர்தான். நாடாவை அவிழும்."

அதற்கிடையில் அவர் தொடங்கியிருந்த இடியப்பத் தொழில் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. காலையில் வீடு வீடாக இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரே காரில் இரண்டு தொழிலையும் செய்தால் எரிபொருள் மிச்சம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதாவது, பயிற்சிக்கு வருபவர் ஓடுவார், அண்ணை இறங்கி இடியப்பம் கொடுப்பார்.

நான் கண்ணாடியைச் சரிசெய்து பின்னால் பார்த்தேன். பின் சீற்றில் மூடி போடாத ஒரு பெரிய வாளிக்கு சீற் பெல்ற் போட்டிருந்தது.

"ஆரண்ணை பின்னால?"

"சொதி."

"மூடி இல்லையோ?"

"மூடினா நீர் எப்பிடிப் படிப்பீர்? பிறேக்கை ஓங்கி மிதிச்சா முன்னுக்குச் சிந்தும். வெடுக்கெண்டு எடுத்தாப் பின்னுக்குச் சிந்தும். வளைவில பிழை விட்டாக் கதவுப் பக்கம். சிந்தினாச் சனத்துக்கு வெறும் இடியப்பம். பிறகு உம்மளைத்தான் ஏசுவினம், என்னை இல்லை."

அப்படியே நடந்தது. முதல் கிழமை காரின் தரை முழுக்கச் சொதி. ஒவ்வொரு வாசலிலும் சட்டியோடு வருபவர்கள் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அதில் கிளி அன்ரி மோசம். அவருடைய வீடு நீளமான ஒரு தெருவின் நடுவில்.

"இண்டைக்கு ஆர் ஓட்டினது?"

"இந்தப் பிள்ளைதான் அன்ரி," என்பார் அண்ணை.

"ஓ. அப்ப சம்பலைக் கூடப் போடு தம்பி. எங்கட பங்குச் சொதி காருக்குள்ள ஊத்துப்பட்டிட்டுது."

நான் ஸ்ரேறிங்குக்குக் கீழே குனிந்துகொள்வேன். பஸ் எதிரே வந்தால் நடுங்குவேன். இடப்பக்கம் திரும்பவேண்டும் என்றால் கண்ணீர் வரும். அப்போதெல்லாம் அண்ணை ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்.

"அடுத்தது கிளி அன்ரி வீடு தங்கச்சி. அதுவரைக்கும் போனாக் காணும்."

கிளி அன்ரி வீடு வந்ததும் அடுத்த வீட்டின் பெயரைச் சொல்லுவார். அதுவரைக்கும் போனாக் காணும். அதுவரைக்கும் போதும், இதுவரைக்கும் போதும் என்றே வாடிக்கையாளர் எல்லோரும் முடிந்துவிடுவார்கள். நான் ஊரைச் சுற்றி வந்திருப்பேன்.

மெல்ல மெல்ல என் காது பின்னால் போய்விட்டது. சொதி சளக் என்றால் பிழை. சத்தமில்லாமல் இருந்தால் சரி. ஒருநாள் கிளி அன்ரி வாளியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணை காருக்குள் ஏறி, "தங்கச்சி, அது உமக்குப் பட்டம் தந்த மாதிரி," என்றார்.

றோட் ரெஸ்ற் நாள் வந்தது. சோதனை எடுக்க வந்தவர் உயரமான ஒரு வெள்ளைக்காரர். பலகையில் இடியப்பம் என்று எழுதிய பக்கத்தால்தான் அவர் ஏறினார். நான் ஓடினேன். வலப்பக்கம், இடப்பக்கம், நிற்பாட்டு, எடு, எல்லாம் சரி. பிறகு ஒரு நீளமான தெருவுக்குள் திரும்பச் சொன்னார். எங்கே போகிறோம் என்று என் தலை யோசிக்கவில்லை. கை யோசித்தது. சிக்னல் போட்டேன், ஓரம் கட்டினேன், நான்கு லைற்றையும் சிமிட்டவிட்டேன், அமைதியாகக் காத்திருந்தேன்.

சோதனைக்காரர் என்னைப் பார்த்தார். ஏன் நிற்பாட்டினாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அதற்குள் அவருடைய பக்கக் கண்ணாடியில் தட்டுச் சத்தம். கிளி அன்ரி. கையில் சட்டி.

"எங்க தம்பியைக் காணேல்லை? ஆரிது புது ஆளோ? இவருக்குச் சொதி ஊத்தத் தெரியுமோ?"

நீ மிக நன்றாக நிறுத்தினாய், ஆனால் நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லையே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். நான் பெயில்.

அன்றைக்கு வீட்டில் கணவர் சாப்பிட உட்கார்ந்தவர் கையை எடுத்துவிட்டார். "இஞ்சாரும், வேற வேலை பாப்பம். இது உமக்குச் சரிவராது," என்றார். கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். எங்கள் வீட்டில் அப்போது பயம் ஆளுக்கொன்று இருந்தது. மகள் மட்டும், "அம்மா, யூ பார்க்ட் பெர்பெக்ட்லி, அதான் மெயின்," என்று என் தோளில் சாய்ந்தாள்.

பக்ரறி மாற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அண்ணை இரண்டாவது ரெஸ்ற்றுக்கு நாள் எடுத்தார். அன்று காலை கிளி அன்ரி வீட்டுக்கு நேரத்தோடு இடியப்பம் கொடுத்து, வெளியே தலைகாட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்தத் தெருவால் நான் போனபோது மேல்மாடித் திரைச்சீலை கொஞ்சம் விலகியிருந்தது. நான் நிற்கவில்லை. பாஸ்.

ஆனால் ஒஷாவா ஹைவேக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

"அண்ணை, ஹைவே பழக்கிவிடுங்கோ," என்றேன்.

"ஹைவேயில என்ன இருக்குத் தங்கச்சி? ஒருத்தரும் நிண்டு இடியப்பம் வாங்கமாட்டினம்."

அடுத்த நாள் கேட்டேன். ரயர் சரியில்லை என்றார். பிறகு காற்று என்றார். பிறகு வெயில் கண்ணில் அடிக்கும் என்றார். அன்று முழுக்க முகில். உள்றோட்டால் என்னை ஒருமுறை ஒஷாவாவுக்குக் கூட்டிப் போனார். சிவப்பு லைற், சிவப்பு லைற், பிறகும் சிவப்பு லைற். போய்ச்சேர்ந்த நேரத்துக்கு ஷிப்டில் முதல் பாண் வெந்து வெளியே வந்திருக்கும்.

திங்கட்கிழமை புது இடத்தில் வேலை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எங்கள் காரிலேயே போய் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினேன். வாழ்க்கையில் நானாகப் போய்த் தட்டிய கதவுகள் குறைவு.

"அண்ணை, இண்டைக்கு ஹைவே. இல்லாட்டி நாளைக்கு எனக்கு வேலை இல்லை."

அவர் உள்ளே போய் மிச்சச் சொதியோடு வாளியைத் தூக்கிவந்து எங்கள் காரின் பின் சீற்றில் வைத்து பெல்ற்றைப் போட்டார். "சொதி இல்லாட்டி உமக்குப் பிறேக் வராது," என்றார். பிறகு முன்னால் ஏறித் தன் பெல்ற்றைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார்.

மோர்னிங்சைட்டில் ஹைவேக்கு ஏறும் வளைவு. வளைவுக்குள் நுழையும்வரை அண்ணை கதைத்துக்கொண்டிருந்தார். நுழைந்ததும் நிறுத்திவிட்டார். திறப்புவிழா அண்ணை கதைக்காமல் இருந்து நான் அதுவரை கண்டதில்லை. என் இடப்பக்கம் லொறிகள் வீடு நகர்வது போல் போய்க்கொண்டிருந்தன.

"இப்ப என்ன செய்யிறது அண்ணை?"

திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். ஒரு கையைப் பின்னால் நீட்டி வாளியின் பிடியைப் பிடித்திருந்தார்.

"அண்ணை."

"ஓடும்," என்றார். "நிப்பாட்டாதையும். என்னைப் பாக்காதையும். ஓடும்."

கண்ணை மூடிக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் ஒரு காரில் ஒருவர்தான் கண்ணை மூடலாம். அந்த இடத்தை அவர் எடுத்துவிட்டார்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு லொறி போனது. அடுத்த லொறிக்கு முன்னால் ஒரு இடைவெளி. காலை அழுத்தினேன், மெதுவாக, விடாமல், சொதியைக் கேட்டுக்கொண்டே. சத்தமில்லை. உள்ளே போய்விட்டோம். எங்களோடு எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. என்னைப் பார்த்து ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்.

"அண்டைக்குப் பல்லக்குப் பறந்ததெல்லோ. எனக்குப் பின்னால ஒரு சின்னக் கார் வந்தது தங்கச்சி. பின் சீற்றில குழந்தைப்பிள்ளை. அதின்ர தாய் எப்பிடித் திருப்பினாவோ தெரியாது. பல்லக்கு அவவின்ர காரை உரசிக்கொண்டு போய் விழுந்தது. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. அவ இறங்கி நிண்டு நடுங்கினா. நான் பக்கத்தில நிண்டு நடுங்கினன். அதுக்குப் பிறகு நான் ஹைவேயில ஏறேல்லை."

"எங்களுக்கு இதைச் சொல்லேல்லையே நீங்கள்."

"நீங்கள் சிரிச்சீங்கள். அப்ப எனக்கும் கொஞ்சம் சிரிக்கலாம் போல இருந்தது."

கறிவேப்பிலைக்குச் சொல்வதற்குக் கூட எனக்கு ஏதாவது இருந்தது, இதற்கு இல்லை. ஹைவேயை விட்டு இறங்கும் அடுத்த வழியின் பெயரோடு முன்னால் பச்சைப் பலகை ஒன்று வந்தது. அதை வாசித்தேன்.

"அண்ணை, அடுத்தது வைற்ஸ் றோட். அதுவரைக்கும் போனாக் காணும்."

அவர் மூச்சு விட்டார். வைற்ஸ் றோட் வந்தது. "அடுத்தது லிவர்பூல் அண்ணை. அதுவரைக்கும் போனாக் காணும்." பிறகு வெஸ்ற்னி. பிறகு அடுத்தது. என் குரல் நடுங்கியது. ஆனால் பெயர்கள் ஒழுங்காக வந்தன.

ஒஷாவாவில் இறங்கி, ஆளில்லாத பக்ரறியின் கார் தரிப்பிடத்தில் நிறுத்தியபோது அவர் கண்ணைத் திறந்தார். முதலில் வாளியைத்தான் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இறங்கினார். சட்டைப் பையிலிருந்து அந்த நாடாவை எடுத்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கட்டினார். முடிச்சுப் போட அவருடைய விரல்கள் வழமையைவிட அதிக நேரம் எடுத்தன. இரண்டு கடற்புறாக்கள் மட்டும் விழாவுக்கு வந்திருந்தன.

"அவிழும் தங்கச்சி."

"என்ன தொழில் அண்ணை இது?"

"உம்மட தொழில்."

அடுத்த நாள் விடியற்காலை நான் தனியாகப் போனேன். வாளியில் பச்சைத்தண்ணீர் நிரப்பி, அதற்கு பெல்ற் போட்டுக்கொண்டு. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. பிந்தவில்லை.

இப்போது என் கணவர் மருந்தோடு சுகமாக இருக்கிறார். சாரதிப் பயிற்சியை அண்ணை மூடிவிட்டார். இடியப்பம் மட்டும் மூடவில்லை. அவர் மூடாமல் விட்ட ஒரே தொழில் அதுதான். மல்வேர்னில் ஒரு கடை போட்டார். இரண்டாவது கடை ஒஷாவாவில், எங்கள் பக்ரறிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. சொதி இன்னும் மல்வேர்னில்தான் கொதிக்கிறது. காலையில் நான் வேலைக்குப் போகும்போது வாளியை ஏற்றிக்கொண்டு போவேன். மூடி போடுவதில்லை. சில நாட்களில் அண்ணையும் வருவார். மோர்னிங்சைட் வளைவு வரும்வரை அடுத்த தொழிலைப் பற்றிக் கதைப்பார். வளைவில் கண்ணை மூடிக்கொண்டு வாளியின் பிடியைத் தேடுவார்.

"அடுத்தது எது தங்கச்சி?"

"வைற்ஸ் றோட் அண்ணை. அதுவரைக்கும் போனாக் காணும்."

எனக்கும் பயம்தான். அதற்கு அந்தப் பக்கமும் பாதை நீளமாகக் கிடக்கிறது என்பதை நான் அவருக்குச் சொல்வதில்லை.